முதல் வரியில் அக்கா

கல்யாணப் பெண்ணொருத்தியின் சாறிச் சட்டையைத் தைக்க மறந்து, அவளுடைய தாயிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட நாளில்தான் பட்டியல் எழுதத் தொடங்கினேன். காலையில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து, கலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அன்றைய வேலைகளை எழுதுவேன். முடிந்ததைக் கோடு போட்டு வெட்டுவேன். முடியாதது மறுநாள் தாளில் முதல் வரியாக ஏறும். ஐம்பத்திரண்டு வயதில் வந்த ஒழுங்கு. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அக்காவிடம் போனில் பெருமையடித்தேன். அவள் வாவிக்கு அப்பால், படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் தன் மகளோடு இருந்தாள். நான் இக்கரையில். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக் கடக்கிற மிதவையில் வாவியைத் தாண்டி, அங்கே ஒரு பஸ் பிடித்தால் போய்விடலாம்.

"ஏட்டுச் சுரக்காய் கறிக்கு உதவாது தங்கச்சி," என்று சிரித்தாள். "சரி, என்னையும் அதில எழுது. உன்னப் பார்த்து எவ்வளவு நாள். ஒருக்கா வந்துத்துப் போ."

"ஓம் அக்கா, வாறன்."

எழுதினேன்: 'அக்காவைப் பார்க்க.' அன்று அவசரமாக இரண்டு சட்டை. மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் மெஷின் பழுது. வரி தாளுக்குத் தாள் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு காலையும் அதை அழகாக எழுதும்போது அவளை நினைத்தேன். நினைத்ததே போய் வந்ததுபோல இருந்தது. பழைய மறதிக்காரியாகவே இருந்திருந்தால் ஒருநாள் திடீரென்று ஞாபகம் வந்து, பதறிக்கொண்டு ஓடியிருப்பேன். பட்டியல் என்னைப் பதற விடவில்லை.

இடையில் இரண்டு தரம் அவளே போன் எடுத்தாள். "எழுதினியா?"

"முதல் வரியே நீங்கதான் அக்கா."

பத்தொன்பதாம் நாள், அந்த வரியை எழுதிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் அழைத்தாள். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அக்கா அப்படியே விழுந்துவிட்டாளாம். நான் போய்ச் சேர்ந்தபோது திருநீறு பூசி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

மறுநாள் அடக்கம் முடிந்து பின்னேரம் வீடு திரும்பினேன். மேசையில் அந்தத் தாள் கிடந்தது. குளித்துவிட்டு வந்து, யோசிக்காமலே பேனையை எடுத்து முதல் வரியை வெட்டினேன். அக்காவைப் பார்த்தாயிற்று என்று கை முடிவு செய்துவிட்டது. கோடு நேராக விழுந்திருந்தது. அதைக் கண்ட பிறகுதான் வாய்விட்டு அழுதேன்.

அதன் பிறகு என் கையை நான் நம்புவதில்லை. மறுநாள் காலை அது தானாகவே 'அக்காவைப்' வரை எழுதிவிட்டது. அதற்கடுத்த நாளும். மெஷின் ஓடும்போது முதுகுக்குப் பின்னால் நின்று "எழுதினியா?" என்று கேட்கிறாள். திரும்பினால் கதவில் தொங்கும் சட்டைகள்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்ல வெட்கமில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் போனேன். புறப்படும்போது அக்காவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆக்கள் எல்லாம் போயித்தாங்க சின்னம்மா. தனிய இருக்கப் பயமாக் கிடக்கு. ஒருக்கா வந்து ரெண்டு நாள் நில்லுங்க."

"ஓம் மகள், வாறன்."

மனதாரத்தான் சொன்னேன். மறுநாள் காலை அதைத்தான் முதல் வரியாக எழுதினேன். இன்றோடு ஒன்பது நாள்.