கிரீஸ் பூசிய நம்பர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டினார். கேமராவில் சிக்கி அவருக்கு வரும் அபராதச் செய்திகளை நான்தான் படித்துச் சொல்வேன்.

மூன்றாவது முறை வந்தபோது, "நம்பர் பிளேட்டுல கிரீஸ் தடவிடுப்பா, கேமராவுக்குத் தெரியாது" என்றேன்.

"மாட்டிக்கினா?"

"அழுக்குன்னு சொல்லு. பாதி வண்டி அப்டித்தான் ஓடுது."

"நீ வக்கீலுக்குப் பட்ச்சிருக்கணும்மா" என்று சிரித்தார். முன்னும் பின்னும் நானே பூசிவிட்டேன்.

ஒரு மதியம் எண்ணூர் சாலையிலிருந்து கூப்பிட்டார். "மாரு வலிக்குதும்மா. மூச்சு வுட முடில. ஹார்பருக்குப் போற வண்டி லைன்ல நிக்கிறேன்." உடனே ஆம்புலன்ஸை அழைத்து வண்டி எண்ணைச் சொன்னேன்.

ஆட்டோவில் நான் போய்ச் சேர்ந்தபோது, கண்ணுக்கெட்டிய வரை ஒரே மாதிரி டிரெய்லர்கள். அப்பா போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஊழியர் ஒவ்வொரு பிளேட்டாகப் பார்த்துக்கொண்டு ஓடிவந்தார். "அந்த நம்பர்ல வண்டியே இல்லம்மா. ரெண்டு தபா பாத்துட்டேன்."

அப்போதுதான் எனக்குக் கிரீஸ் நினைவுக்கு வந்தது.

கிரீஸ் அப்பிய பிளேட்டைத் தேடி ஓடினேன். அந்த ஊழியர் இருமுறை தாண்டிப் போன வண்டியின் உயரமான கேபினுக்குள் அப்பா ஸ்டியரிங்மேல் சாய்ந்திருந்தார். உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை.

சாவுக்கு வந்தவர்களிடம் அம்மா சொல்லி அழுதாள். "எம் பொண்ணு ஒடனே ஆம்புலன்ஸக் கூப்ட்டுச்சு. அந்தப் பாவிங்கதான் தேடாம லேட்டு பண்ட்டானுங்கோ. வெளங்குவானுங்களா?"

அந்த மனிதர் வெயிலில் வரிசை நெடுக ஓடியதை நான் பார்த்தேன். இன்றுவரை அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அவள் அவருக்கு விடும் சாபமெல்லாம் எனக்குரியது.