மஞ்சளாய் ஒளிர்ந்த எலும்பு

எனக்குக் கொடுத்த மாத்திரையைக் கோழிக்குப் போட்ட புத்திசாலி நான். ஊரையே கேலி செய்து திரிந்த என்னை ஒரு கோழிக்கால் எலும்பு காட்டிக்கொடுத்தது. டிபன் பாக்ஸ் மூடியில், இருட்டில், அது மஞ்சளாக ஒளிர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அறுபதுகளில் பாலகாட் தங்கச் சுரங்கத்தில், வெட்டியெடுத்த கல்லைச் சோதிக்கும் அறையில் எனக்கு வேலை. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. ஊதாக் கண்ணாடி போட்ட விளக்கை ஏற்றினால் சில கற்கள் மட்டும் நீலமாய் மின்னும். அவற்றைப் பொறுக்கி வைப்போம். அந்த விளக்கைத்தான் சுரங்க ஆஸ்பத்திரியின் சின்ன சர்ஜன் கேட்டு வாங்கிப் போனார். டெட்ராசைக்ளின் மாத்திரையைச் சில நாள் கொடுத்து நிறுத்தினால் நல்ல சதையிலிருந்து மருந்து வடிந்துவிடும், எலும்பிலும், மூத்திரப்பையில் புற்று இருந்தால் அதிலும் மட்டும் தங்கிவிடும்; பையைக் கழுவிய நீரின் கசடைக் காகிதத்தில் காயவைத்து விளக்கடியில் வைத்தால் மஞ்சளாய்த் தெரியும், முளையிலேயே பிடித்துவிடலாம் என்று எங்கோ படித்திருந்தார். "கல்லு பாக்கற லைட்ல மூத்திரம் பாக்கப் போறியாய்யா?" என்று பெரிய டாக்டர் வார்டே கேட்கச் சிரித்தார்.

முதல் ஆள் நான். சிறுநீரில் ரத்தம் போவதை "பீட்ரூட் சாப்ட்டேன்" என்று மனைவியிடம் மழுப்பிவிட்டுச் சின்ன சர்ஜனிடம் ஓடியிருந்தேன். அவர் நீட்டிய மாத்திரையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. சம்பள நாளில் பங்காருபேட்டைக்கு ரயிலேறிப் போய் வெட்கக்கேடான வியாதி வாங்கி வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் அதையேதான். எங்கள் லைன் வீடுகளில் அதற்கு 'பங்காருபேட்டை டிக்கெட்' என்று பெயர். வைத்தவன் நான். பக்கத்து வீட்டுக்காரன் கையில் அதைப் பார்த்து, "இன்னா மச்சான், டிக்கெட் எடுத்துட்டியா?" என்று தெருவே சிரிக்கக் கத்தியவனும் நானேதான். என் சட்டைப்பையில் அது இருந்தால் அவன் விடுவானா? வேளாவேளைக்கு உடைத்து, கோழிக்கு வைக்கும் கேழ்வரகுக் கூழில் கலந்துவிட்டேன்.

காகிதம் இருண்டே கிடந்தது. "உனக்கு ஒண்ணுமில்லப்பா," என்றார் சர்ஜன். சந்தோஷமாக வேலைக்குத் திரும்பினேன். ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

கோழி நன்றாகக் கொழுத்தது. "இது மட்டும் இன்னாத்த தின்னுது, இப்டி ஊதிக்கெடக்குது?" என்று வியந்தபடியே மனைவி குழம்பு வைத்தாள். மறுநாள் மத்தியானம் நான் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தபோது சர்ஜன் விளக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார். முகம் தொங்கியிருந்தது. "பெரியவர் சொன்னதுதான் சரி. கல்லுக்குத்தான் லாயக்கு," என்றவர், பழுதில்லை என்று காட்டத் திரையை இழுத்துவிட்டு விளக்கை ஏற்றினார். கல்மேடையில் ஒன்றும் மின்னவில்லை. மூடியிலிருந்த எலும்பு மின்னியது.

அவர் எலும்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கோழிக்கு யாரு மாத்திர குடுத்தது?"

இரண்டாம் முறை, காகிதத்தில் மஞ்சளாய்ப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. மிளகளவு புற்று, வேர்விடும் முன் எடுத்துவிட்டார். முதல் சோதனை ஏன் தவறியது என்று பெரிய டாக்டர் கேட்டபோது, "மாத்திரை அளவுல நான்தான் தப்புப் பண்ணிட்டேன் சார்," என்றார் சர்ஜன். கட்டிலில் படுத்தபடி வார்டையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்த நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். என் வாய் திறக்க வேண்டிய ஒரே இடத்தில் அது மூடிக்கிடந்தது.

இப்போது பெங்களூரில் நீல வெளிச்சத்தை மூத்திரப்பைக்குள்ளேயே செலுத்தி, புற்று சிவப்பாய் ஒளிர்வதைத் திரையில் பார்க்கிறார்களாம். பரிசோதனைக்குப் போகும்போது அந்த இளம் டாக்டர் பொறுமையாக விளக்குகிறார். நானோ ஓர் எலும்பையும், அந்த இருட்டறையிலிருந்து என்னை நேரே வார்டுக்கு இழுத்துப்போன சர்ஜனின் கையையும் நினைத்துக்கொள்கிறேன். அன்று மாத்திரையும் தண்ணீருமாக அவர் எதிரில் நின்றார். அவமானம் தாங்காமல் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன்.

"கோழிக்குப் புத்து இல்லன்னாவது தெரிஞ்சிபோச்சில்லீங்க, ஐயா?"

"வாயத் தொற."