குழிக்குள் இருந்த மேடு

ஆபீசில் அவளுக்கு ஒத்தைக்கண்ணு என்று பெயர். கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, கண்ணாடிகூடப் போடவில்லை. பெயர் வந்தது அவள் படம் பார்க்கும் அழகால். மற்றவர்களெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் சிவப்பும் நீலமுமாக நிலத்தடியைப் பார்க்க, இவள் மட்டும் கறுப்பு வெள்ளையில் நீளக் காகிதமாக அச்சடித்து வாங்குவாள். அதை மேசையில் விரித்து, கன்னத்தை மேசை ஓரத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தின் நீளவாக்கில் பார்ப்பாள். நேரே பார்த்தால் தட்டையாகத் தெரிகிற கோடு, இப்படிப் பார்த்தால் லேசாக வளைந்திருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மேடம் தூங்குகிறார் என்று நினைத்துப் பூனை மாதிரி நடப்பார்கள். அவளும் திருத்த மாட்டாள். ஆபீஸ் அமைதியாக இருந்தால் யாருக்கு நஷ்டம்?

கம்பெனி சின்னது. ஒரே மாடி, லொடலொடவென்று இரைகிற ஓர் ஏசி, ஒரு வேனில் அடங்கிவிடுகிற ஆட்கள். பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் ஒன்றுமில்லை என்று கைகழுவிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அவர்கள் எடுத்த பழைய அதிர்வுப் படங்களையும் வாங்கி, அவர்கள் கோட்டைவிட்டது ஏதாவது அகப்படுமா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதிர்வுப் படம் ஒன்றும் மாயமில்லை. கனமான லாரியால் நிலத்தை அதிரவைத்தால் ஒலி கீழே இறங்கும். ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டுக் கொஞ்சம் திரும்பி வரும். வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று வரிசையாகக் கோடு போட்டால் படம் தயார். எண்ணெய்க்கு மேடு பார்த்து ஏறுகிற குணம். அதனால் மேலே வளைந்த அடுக்கைக் கண்டால் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறும்.

இந்த முறை கிடைத்த படத்தில் இரண்டு மேடுகள், நடுவே ஒரு குழி. இடது மேட்டில் பெரிய கம்பெனி துளைபோட்டு, வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியிருந்தது. முதலாளி வலது மேட்டுக்கு நாள் குறித்துவிட்டார். அவளைவிட வயதில் சின்னவர், அக்கா அக்கா என்று உயிரை விடுகிறவர். கம்பெனிக்கு இருந்த தெம்பு ஒரே ஒரு கிணற்றுக்குத்தான். அதுவும் வறண்டால் வாசல் பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

அவள் கன்னத்தை மேசையில் வைத்தாள். குழி கண்ணில் உறுத்தியது. ஓர் அடுக்கு மட்டும் இறங்கியிருந்தால் குழி என்று விட்டுவிடலாம். இங்கேயோ மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்குகளும் ஒரே இடத்தில் சொல்லிவைத்தாற்போல் தலைகுனிந்தன. அவற்றுக்கு நேர் மேலே, தரையை ஒட்டி, ஒரு கலங்கல். பெரிய கம்பெனிக்காரர்கள் அதைக் குப்பை என்று ஒதுக்கியிருந்தார்கள். குப்பையாவது, மண்ணாவது! அது வாயு. பாறையில் ஓடுகிற ஒலி வாயு நிறைந்த மண்ணில் நொண்டியடிக்கும். அந்தத் தாமதத்தைக் கழித்துக் கணக்குப் போட்டாள். குழி நிமிர்ந்து மேடாயிற்று. இரண்டு மேடுகளும் ஒரே பெரிய மேட்டின் தோள்கள், தலை நடுவில்தான் இருந்தது.

கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் இருமினார், ஒருவர் தண்ணீர் குடித்தார்.

"ஊரே மேட்டைத் தேடிப் போகுது, நீங்க குழியைக் காட்டுறீங்களே அக்கா" என்றார் முதலாளி.

"தம்பி, என் வீட்டுக்காரர் சாயங்காலம் லேட்டா வந்தா, ரொம்ப தூரத்துல இருந்து வந்தாருன்னா அர்த்தம்? ரோடு மோசம், அவ்வளவுதான். இங்கயும் சத்தம் லேட்டா வந்திருக்கு. நாம அதை ஆழம்னு நெனச்சுக்கிட்டோம்."

முதலாளி படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கணக்கை மறுபடியும் போட்டுக் காட்டச் சொன்னார். கடைசியில் கேட்டது வேறு கேள்வி. துளைபோடும் இடத்துக்கு மேற்பார்வை அவள் கணவர்தானே, அதை யோசித்தாளா என்றார்.

யோசிக்காமலா? முந்தின நாளே வீட்டில் அந்தப் பேச்சு ஓடிவிட்டது. தரைக்குச் சமீபத்தில் இருக்கிற வாயுதான் துளைபோடுகிறவர்களுக்கு எமன். எதிர்பாராமல் குத்திவிட்டால் சுதாரிக்க நேரம் கொடுக்காது. கணவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு விஷயத்தை உடைத்தே கேட்டார்.

"உன் கணக்கு தப்புன்னா கம்பெனி போச்சு. சரின்னா என் காலுக்குக் கீழ வாயு. நான் எதுக்கு வேண்டிக்கணும், அதையும் நீயே சொல்லிடு."

"சரியா இருக்கணும்னு வேண்டிக்கோங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்ச வாயு உங்களை ஒண்ணும் பண்ணாது. வாயு தொடங்குற இடம்னு நான் போட்ட கோட்டுக்கு மேலயே குழாயை இறக்கி சிமெண்ட் போடுங்க. அப்புறம் நெதானமா போங்க."

சொல்லிவிட்டு, அவர் தள்ளிவைத்த தட்டை மறுபடியும் அவர் முன்னால் நகர்த்தினாள்.

முதலாளியிடமும் அதையே சொன்னாள். வாயு இல்லை என்று நம்பி இறங்குகிறவன்தான் மாட்டிக்கொள்வான் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவர் வலது மேட்டின் மேல் போட்டிருந்த புள்ளியை அழித்துவிட்டுக் குழியில் வைத்தார்.

துளை அந்தக் கோட்டை நெருங்கிய அன்று அவள் கன்னத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசையில் காகிதம் எதுவும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. போன் அடித்தது.

"வந்துடுச்சு" என்றார் கணவர். "உன் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ. துளைக்குள்ள ஓட விடுற சேறு குமிழ் குமிழா பொங்குச்சு. கனமான சேத்தை உள்ள அனுப்பி அடக்கிட்டோம். எல்லாரும் நல்லா இருக்கோம்."

எத்தனையோ சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது, சாப்பிட்டீங்களா என்பதுதான். அவர் சிரித்தார். அவள் போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள், திரும்பி வரச் சற்று நேரமாயிற்று. வாயு இருந்தது என்றால் கணக்கு சரி. கணக்கு சரியென்றால் கீழே இருப்பது குழியல்ல. ஆபீசில் முதலாளி அதற்குள் வேனுக்குச் சாவி தேட ஆரம்பித்திருந்தார்.

எண்ணெய் வந்த சேதி ஊரெல்லாம் தெரிந்தபிறகுதான் கணவருக்கு லீவு கிடைத்தது. சொன்ன நேரத்துக்கு வரவில்லை. இருட்டத் தொடங்கும்போது பூட்ஸைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்து, கைக்குட்டையிலிருந்து ஒரு பாறைச் சில்லை எடுத்து அவள் முன்னாலிருந்த மேசையில் வைத்தார். பழுப்பாக, எண்ணெய் நெடியடித்துக்கொண்டு கிடந்தது.

"ஒத்தைக்கண்ணு, பாரு. உன் குழி."

பழக்கதோஷம், அவள் கன்னத்தை மேசையில் சாய்த்தாள், ஒரு கண்ணை மூடினாள். பிறகு என்ன நினைத்தாளோ, நிமிர்ந்து, கல்லை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு கண்ணாலும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.