விட்டுப்போன புள்ளி

கைவினைச் சந்தையில் அவளுக்குச் சாக்ஸ் அக்கா என்று பெயர். காலில் போடுகிற சாக்ஸ் அல்ல. கிறிஸ்துமஸுக்குப் பரிசு போட்டுத் தொங்கவிடுகிற பெரிய சிவப்புக் கம்பளிச் சாக்ஸ். பிள்ளையின் பெயரைச் சொன்னால் கடையிலேயே உட்கார்ந்து வெள்ளை நூலில் தைத்துக் கொடுப்பாள். பக்கத்துக் கடையில் மெழுகுவத்தி விற்கிற எனக்கு அவள் கையைப் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான். நான் ஒரு பட்டன் தைத்தால் சட்டையோடு என் பாவாடையும் சேர்ந்து வரும்.

கடை முகப்பில் மாதிரிக்கு ஒன்று தொங்கும். அது விற்பனைக்கு இல்லை. அதில் கோணல்மாணலாக 'குடடி' என்று இருக்கும். குட்டிதான், நடுவில் ஒரு புள்ளி இல்லை.

வருகிறவர்கள் சும்மா போவார்களா? "ஏம்மா, புள்ளி விட்டுப்போச்சே" என்று ஆளாளுக்கு வாத்தியார் ஆகிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவுக்கோ முகம் மலரும்.

"எங்க குட்டி தைச்சதும்மா, எட்டு வயசுல. புள்ளி எங்கடின்னேன், நாளைக்கு வெக்கிறேன்னு விளையாட ஓடிட்டா."

மறுவருஷமே குட்டி காய்ச்சலில் போய்விட்டாள். அதை அக்கா வருகிறவர்களிடம் சொல்லமாட்டாள். குட்டியின் சேட்டைகளை மட்டும் சொல்வாள், இப்போதுதான் வீட்டில் விட்டுவிட்டு வந்தவள் போல.

வீட்டில் அவளால் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. அவள் கணவர், எங்களுக்கு டிரைவர் அண்ணன், வெளியூர் பஸ் ஓட்டியவர். பிள்ளையின் கடைசி நேரத்தில் எங்கோ வண்டியில் இருந்தார். அதன்பின் குட்டி என்று யாராவது வாயெடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஆக, அக்காவுக்குத் தன் மகளைப் பற்றிப் பேச உலகத்தில் இருந்த ஒரே இடம் இந்தச் சந்தை. அதற்கும் யாராவது அந்தப் புள்ளியைக் கேட்கவேண்டும்.

இந்த வருஷம் டிரைவர் அண்ணன் ஓய்வு பெற்றுக் கடைக்கு ஒத்தாசையாக வந்தார். எதிலும் ஒழுங்கு பார்க்கிற மனுஷன். சந்தை தொடங்குவதற்கு முன்பே அவர் கண்ணில் அந்தப் பிழை பட்டிருக்கிறது. மனைவி அவசரத்தில் விட்டுவிட்டாள் என்று நினைத்து, வெள்ளை நூலில் ஒரு முடிச்சுப் போட்டுப் புள்ளி வைத்துவிட்டார். அதைத் தைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள், எப்போது கேட்டிருப்பார்?

கடை திறந்தபோது அக்கா அதைப் பார்த்தாள். நானாக இருந்தால் சந்தையே கூடியிருக்கும். அவள் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். அவ்வளவுதான். அன்றைக்கு வியாபாரம் நன்றாகவே நடந்தது. எல்லாரும் விலை கேட்டார்கள். புள்ளியை ஒருவரும் கேட்கவில்லை. அக்கா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

கடை கட்டுகிற நேரத்தில் அண்ணன் என்னிடம் வந்தார். "உங்க அக்காவுக்கு என்னாச்சு? உம்முன்னு இருக்காளே?"

"அந்தப் புள்ளிய வெக்கச் சொல்லி யாருண்ணே உங்களக் கேட்டா?" என்று வெடித்துவிட்டேன். அதைத் தைத்தது குட்டி என்பதில் தொடங்கி மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. தார்ப்பாய்க்குப் பின்னால் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை முடிச்சு இல்லை. பிளேடால் எடுத்திருந்தார், கம்பளியில் சின்னத் துளை மட்டும் தெரிந்தது. அக்கா தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கடையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, வாங்க வந்தவர் போல நின்றார்.

"ஏம்மா..." தொண்டையைச் செருமினார். "இதுல புள்ளி விட்டுப்போச்சே. யாரு தைச்சது?"

அக்கா நிமிர்ந்தாள். ஊசியைக் கம்பளியில் குத்தி வைத்தாள்.

"எங்க குட்டி" என்றாள்.

அவர் போகவில்லை. முகப்புப் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "புள்ளி ஏன் வெக்கலையாம்?"

"நாளைக்கு வெக்கிறேன்னு சொன்னா..."

அவர் தோள் குலுங்கியது. "அப்புறம்? இன்னும் சொல்லு."

விலை கேட்டு வந்த ஒரு அம்மாவை நான்தான் மறித்தேன். "கடையில ஆள் இருக்காங்க. கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன்.