பேட்டரியைக் கழற்றாதவர்

ஜான்சிக்கு முப்பத்தொரு வயது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடிக் கடையில் ஒன்பது ஆண்டுகளாக லேப்டாப் பழுது பார்க்கிறார். அப்பா ஏசுபாதம் சென்ட்ரிங் வேலைக்காரர். அவர் பலகை அடித்த வீடுகளில் ஒன்றின் புதுமனை புகுவிழாவுக்குக்கூட அவரை யாரும் அழைத்ததில்லை. மகளை மட்டும் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். போர்டில் கடுகளவு பாகத்தைக் கழற்றி மாற்றும் கை இன்று அந்தக் கடையில் ஜான்சிக்கு மட்டுமே உண்டு. பெயர்ப் பலகையில் சிரிப்பது கடைக்காரர் லோகநாதன்.

ஒரு புதன்கிழமை பதினொன்றரைக்குக் குமரவேல் வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தாத்தாவின் வயல்களை மனைகளாக்கி விற்பவர். அவருடைய லேப்டாப்புக்கு ஏழு வயது. லேஅவுட் வரைபடத்தைத் திறந்தால் மனை எண்கள் ஈசல் மொய்த்தது போலத் தெரிந்தன. மாலை நான்கு மணிக்கு ஒரு பெரிய பார்ட்டி வருகிறது. அதற்குள் ஃபுல் எச்டி திரை வேண்டும். சொல்லிவைத்திருந்த திரையும் கேபிளும் முந்தின நாளே கடைக்கு வந்திருந்தன.

"கேபிளையும் சேத்து மாத்தணும் சார். பழைய கேபிள்ல இருக்கிற ஒயரு புதுத் திரைக்குப் பத்தாது. ஒரு ஒன்றரை மணி நேரம் ஆவும்" என்றார் ஜான்சி.

"பன்னெண்டுக்கு ராகு காலம் ஸ்டார்ட்டு. அதுக்குள்ள புது ஸ்கிரீனு ஒரு தபா எரிஞ்சிடணும் லோகு" என்றார் குமரவேல். ஜான்சிக்கு அல்ல, லோகநாதனுக்கு.

"சும்மா மாட்டி ஆன் பண்ணிக் காட்டிடறேண்ணா. நல்ல நேரத்துல ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும். மீதிய அப்பால பாத்துக்கலாம்."

"சார், பேட்டரியக் கழட்டாம ஸ்கிரீன மாட்டக் கூடாது. போர்டு போயிடும்."

"பின் கவர்ல பதினாலு ஸ்க்ரூ கீது. அத்தக் கழட்டி முடிக்கிறதுக்குள்ள ராகு வந்து இங்க சேர் போட்டு ஒக்காந்துடுவாரு. நவுரும்மா" என்றார் லோகநாதன்.

ராகு என்று வானத்தில் ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டுவதாகக் கணக்கில் வரும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளிக்குப் பயந்த இரண்டு ஆண்கள், கையடியில் மின்சாரத்தோடு கிடந்த பேட்டரிக்குப் பயப்படவில்லை. பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கையில் லோகநாதன் பழைய கேபிளைப் புதுத் திரையில் செருகினார். நீலமாக ஒரு பொறி தெறித்தது. திரை எரியவில்லை. பழைய திரையை மறுபடி மாட்டினார். அதுவும் இருண்டே கிடந்தது.

"இன்னா லோகு?"

"இந்தப் பொண்ணு பேட்டரியக் கழட்டி ரெடியா வெச்சிருக்கணும்ணா. கவனிக்கல."

எல்லாம் குமரவேலின் கண்ணெதிரேதான் நடந்தது. ஜான்சி எச்சரித்ததை அவர் காதும் கேட்டது. ஆனாலும் அவர் ஜான்சியின் பக்கம்தான் திரும்பினார்.

"வேலைய ஆரம்பிக்கும்போதே கூடாது, போயிடும்னு வாய வெச்சா வெளங்குமா? நீ எந்த ஊரு?"

"மண்ணிவாக்கம்."

"மண்ணிவாக்கத்துல எங்க?"

"சர்ச் தெரு."

"அதான பார்த்தேன்" என்று சிரித்தார். லேப்டாப் கெட்டதற்கும் தெருவுக்கும் என்ன தொடர்பு என்று இந்த நாட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் புரிகிறது. அதுதான் கேவலம்.

லோகநாதன் ஜாப் கார்டை எடுத்தார். 'பேட்டரியைக் கழற்றாததால் போர்டு பழுது. டெக்னீஷியன்: ஜான்சி' என்று எழுதி நீட்டினார். "கையெழுத்துப் போடு."

அந்த வரிசையில் ஒன்பது கடைகள். யார் எந்தப் போர்டை எரித்தார் என்பது டீ வருவதற்கு முன்பே ஒன்பது கடைக்கும் போய்விடும். ஜான்சியின் கையெழுத்தோடு அந்தக் கார்டு போனால், பிறகு யாரும் அவர் கையில் ஒரு போர்டைக் கொடுக்க மாட்டார்கள். ஒன்பது ஆண்டு உழைப்பு அந்த ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஜான்சி பேனாவைத் தொடவில்லை. செல்போன் டார்ச்சை இருண்ட திரையின்மேல் சாய்வாக அடித்தார். மங்கலாகப் படம் தெரிந்தது.

"படம் வருது. வெளிச்சந்தான் இல்ல. போர்டுல அந்த லைட்டுக்கான ஃபியூஸ் போயிருக்கு. மாத்துனா சரியாயிடும்."

"அப்ப மாத்து!"

"மொதல்ல கார்ட மாத்துங்க சார். யாரு மாட்னாங்களோ அவங்க பேரப் போடுங்க."

"இன்னா திமிரா? நீ இல்லன்னா ஊர்ல ஆளே இல்லியா?"

லோகநாதன் மூன்று கடைகளுக்குப் போன் போட்டார். போர்டு வேலையை ரிச்சி தெருவுக்குத்தான் அனுப்ப வேண்டும், வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்றார்கள் மூன்று பேரும்.

"நாலு மணிக்கு எனக்குப் பார்ட்டி வருதுய்யா! உன் பேரையே எழுதித் தொலை. பேருல இன்னா கீது?" என்று கத்தினார் குமரவேல்.

பேரில் ஒன்றுமில்லை என்று சொல்ல, தாத்தா பெயரில் நகர் வைத்து விற்பவரால்தான் முடியும்.

லோகநாதன் அடித்து எழுதினார், கையெழுத்தும் போட்டார். ஜான்சி அதைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகுதான் பின் கவரின் பதினான்கு ஸ்க்ரூவையும் கழற்றினார். பேட்டரியைப் பிரித்து, ஃபியூஸை மாற்றி, புதுக் கேபிளை ஓட்டி, திரையைப் பொருத்தினார். ஒன்று இருபதுக்குத் திரை எரிந்தது. ராகு காலம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில், மூலை மனையின் எண் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது.

குமரவேல் அதைத் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை ஆனதும் லேப்டாப்பை எடுத்து, "நேரம் நல்லானதும் சரியாயிடுச்சு பாத்தியா லோகு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"நாளையிலேர்ந்து நீ வராத" என்றார் லோகநாதன்.

"லெட்டர் பேடுல எழுதிக் குடுங்க சார். காரணத்தையும் போட்டு."

அவர் லெட்டர் பேடை இழுத்துத் தேதி போட்டார். அதற்குமேல் பேனா நகரவில்லை. காரணம் என்று எழுதக்கூடிய எதுவும் அவரிடம் இல்லை. இருந்ததை எழுத முடியாது.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு ஜான்சி படியேறி வந்தார். லோகநாதன் பார்க்காதது போல் இருந்தார். ஜான்சியும் வணக்கம் சொல்லவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டார்.