இடைவேளையில் அணைக்காத மைக்

ஒரு பழைய பிரெஞ்சு நாடகத்தை எங்கள் ஆட்கள் தமிழில் போட்டபோது, ஒத்திகைகளில் வசனம் எடுத்துக் கொடுத்தது நான்தான். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடி அறையில் வாரக்கடைசிகளில் ஒத்திகை நடக்கும். டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் எடுத்து, மடியில் பொரித்த ரோல்ஸ் பெட்டியோடு போவேன். ஒருவரும் கேட்டு நான் செய்துகொண்டு போனதில்லை.

நகைச்சுவை நாடகம். பொய் உபசாரமாக ஒரு சொல்லும் வாயில் வரக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் ஒருவன், முகத்துக்கு நேரே எல்லோரையும் புகழ்ந்துவிட்டு அவர்கள் திரும்பியதும் கிழித்துத் தோரணம் கட்டும் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அந்தப் பெண்ணாக நடித்தவளுக்கு முப்பது வயதிருக்கும். வசனம் மனதில் நிற்காது. திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பேன். "நீங்கள் இல்லாட்டி நான் செத்தன் அன்ரி" என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

மேடையேற்றத்துக்கு முதல் கிழமை நெறியாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்களைப் பின்னால நிக்க விட்டு வேலை வாங்க மனம் வரேல்லை அன்ரி. முன்னுக்கு இருந்து வடிவாப் பாருங்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகளின் கலியாணத்துக்கு உடுத்த காஞ்சிபுரத்தை உடுத்துக்கொண்டு, கணவரோடு மூன்றாவது வரிசையில் போய் இருந்தேன்.

இடைவேளை வந்தது. சனம் எழும்ப முதலே ஒலிபெருக்கியில் கதாநாயகியின் குரல் கேட்டது. உடுப்பறைக்குள் போனவளின் சட்டையில் குத்தியிருந்த மைக்கை ஒருவரும் அணைக்கவில்லை.

"கிழவியை முன்னுக்கு இருத்தினது நல்ல வேலை. வசனம் சொல்லித் தாறன் எண்டு, தான்தான் கதாநாயகி மாதிரிக் கழுத்தை வளைச்சுக் காட்டுவா. உந்த முகத்தோட! சிரிப்பை அடக்கிறதிலேயே எனக்கு வசனம் மறந்துபோகும்."

"அப்ப ரோல்ஸ்?" இது நெறியாளரின் குரல்.

"ஆர் திண்டது? குப்பைவாளிதான் கொழுத்தது."

மண்டபம் சிரித்தது. யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாதவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு தெரிந்தவர்களும் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். என் பக்கத்தில் ஒரு மூச்சு வெடித்தது. கணவர் கையால் வாயைப் பொத்தியிருந்தார். தோள்கள் குலுங்கின.

நாடக முடிவில் அந்த உண்மை பேசும் மனிதன், இந்த வேஷக்காரர்களோடு வாழ முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

வெளியே வந்தால், "மைக் கரகரத்தது, ஒண்டுமே விளங்கேல்லை" என்று எல்லோரும் எனக்குக் கேட்கும்படி கதைத்தார்கள். அவள் பூங்கொத்தோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"எப்பிடி அன்ரி நடிச்சனான்? உண்மையைச் சொல்லுங்கோ."

"மேடையில மரம் மாதிரி நிண்டனி பிள்ளை. இடைவேளையில கதைச்சதுதான் திறம். அதுக்கு ஒருத்தரும் வசனம் எடுத்துத் தரத் தேவைப்படேல்லை."

அவள் அழுதாள். கண்மை கன்னத்தில் வழிந்தது. சிரித்த அதே ஆட்கள் அவளைச் சுற்றி நின்று முதுகைத் தடவினார்கள். "ஒரு சின்னப் பிள்ளையோட இப்பிடியே கதைக்கிறது?" என்றாள் ஒருத்தி. நெறியாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "உங்களுக்கு உவ்வளவு எரிச்சல் இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை அன்ரி."

காரில் கணவர் சொன்னார், "நீரும் சிரிச்சுப்போட்டு வந்திருக்கலாம்."

"நீங்கள் சிரிச்சதே காணும்."

வீடு வரும்வரை அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

அடுத்த நாளே நாடகத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கோயிலில் கண்டால், சிலர் செருப்புத் தேடுவதுபோலக் குனிந்தார்கள். எனக்கு நாக்கில் நஞ்சு என்று கதை பரவியிருந்தது. அடுத்த நாடகத்துக்கு வசனம் எடுத்துக் கொடுக்க வேறு யாரோ போனார்கள்.

போன குளிர்காலம் தமிழ்க் கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது, பின்னாலிருந்து இரண்டு கைகள் என்னை இறுக்கிப் பிடித்தன. அவள்தான்.

"அன்ரி! உங்களை எவ்வளவு மிஸ் பண்ணுறம் தெரியுமே?"

"நானுந்தான் பிள்ளை. நல்லா மெலிஞ்சு வடிவாய் இருக்கிறாய்" என்றேன். அவள் நன்றாகப் பருத்திருந்தாள்.

முகம் மலர்ந்து, கையை ஆட்டிக்கொண்டு போனாள். மீன் வெட்டுகிறவர் தலையை எறியவா, தரவா என்று கேட்டார். தரச் சொன்னேன்.