பொறி எங்கே போகிறது?

ஏதாவது ஒன்று ஓடவில்லை என்று சொன்னால் போதும், ஸ்வீட்லினுக்கு முகம் மலர்ந்துவிடும். நாம் இழவு சொல்வதுபோல் சொல்வோம். அவளோ, "அப்படியா! சத்தம் போட்டு நின்னுச்சா, சத்தமில்லாம நின்னுச்சா?" என்று கல்யாணச் சேதி விசாரிப்பதுபோல் கேட்பாள். பாளையங்கோட்டையில் மூன்று தலைமுறையாக வாத்தியார் குடும்பம். இவள் மட்டும் டிப்ளமா படித்துவிட்டு, பேட்டையில் ஒரு ஷெட் பிடித்து, வெல்டிங் செட், யூபிஎஸ், தியேட்டர் புரொஜெக்டர் என்று பழுது பார்க்கிறாள். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்தை விட்டுவிட்டு மைக் ஏன் கரகரக்கிறது என்று யோசிப்பவள் என்பார் அவள் வீட்டுக்காரர் ரிச்சர்ட். அதில் பொய்யில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை முக்கூடலிலிருந்து போன் வந்தது. அங்கே தியேட்டர் வைத்திருக்கும் கொம்பையா அண்ணாச்சி.

"புது பல்பு மாட்டியாச்சும்மா. எரிய மாட்டேங்கு. இந்தச் சுடலைப் பய வெறுங்கையால கண்ணாடியத் தொட்டுருக்கான், கை எண்ணெ பட்டா பல்பு போயிரும்லா. அவனை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். நீ வந்து பாரு, ரெண்டரைக்குப் புதுப்படம்."

அவள் போய் இறங்கியபோது ஆபரேட்டர் சுடலைராஜ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுப் பை மடியில் இருந்தது. பதினொரு வருஷம் கையிலிருந்த புரொஜெக்டர் அறைச் சாவியைக் காலையிலேயே அண்ணாச்சி பிடுங்கிக்கொண்டார்.

"நான் தொடலக்கா. கையுறை போட்டுத்தான் மாட்டுனேன்" என்றான்.

"பாக்கேன்" என்று மேலே போய்விட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு ஏற்கனவே மெஷினுக்குப் போய்விட்டது.

இந்த செனான் விளக்குக்குள் இழை கிடையாது. இரண்டு உலோக முனைகள், நடுவில் சின்ன இடைவெளி, சுற்றிலும் வாயு. ஸ்விட்ச் போட்டதும் ஒரு பெட்டி பல்லாயிரம் வோல்ட்டில் பொறி விடும். அது இடைவெளியைத் தாண்டினால் விளக்கு பிடித்துக்கொள்ளும். தாண்டாவிட்டால் படமில்லை.

திறப்பதற்கு முன் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அவள் வழக்கம். ஸ்விட்சைப் போட்டாள். டிக், டிக், டிக். சரி, பொறி வருகிறது. மின்சாரம் கொடுக்கும் பெட்டியில் மீட்டரை வைத்தாள். அளவு சரி. காற்றாடியும் ஓடுகிறது. அப்படியென்றால் பொறி விளக்குக்குப் போகாமல் வேறு எங்கேயோ போகிறது. எங்கே? ஸ்வீட்லினுக்கு உள்ளங்கை குறுகுறுத்தது.

அறை விளக்கை அணைத்து, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டாள். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, விளக்குப் பெட்டியின் பக்கவாட்டுச் சல்லடை வழியாகப் பார்த்தபடி மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். விளக்கின் பின்முனையைத் தாங்கும் வெள்ளைப் பீங்கான் மேல் ஒரு நீலக் கோடு ஊர்ந்து பெட்டியின் இரும்பில் இறங்கியது. அழகாகத்தான் இருந்தது.

மின்சாரத்தை நிறுத்தி, கொஞ்சநேரம் பொறுத்துத் திறந்து டார்ச் அடித்தாள். பீங்கானில் சந்தனம், அதன் நடுவே குங்குமம். சந்தனம் ஈரத்தோடு வழிந்து இரும்புவரை இறங்கியிருந்தது. பொறிக்கு வழி போட்டுக் கொடுத்ததே அதுதான்.

அவளுக்குத் திக்கென்றது. சாமி பேரைச் சொல்லி வைத்த பொட்டுதான் கோளாறு என்று சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரி எப்படிச் சொல்வது? சொன்னால் பேச்சு வேறெங்கோ போய்விடும். சொல்லாவிட்டால் படியில் இருக்கிறவன் பிழைப்பு போய்விடும். பெட்டியைப் பழையபடி மூடிவிட்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் மேல வாங்க. ஒண்ணு காட்டுதேன்" என்றாள்.

இருட்டில் அவருக்கும் கவசத்தை மாட்டி, சல்லடைப் பக்கம் நிறுத்தி ஸ்விட்சைப் போட்டாள். கொம்பையா குனிந்து, நீலக் கோடு ஊரும் இடத்தை உற்றுப் பார்த்தார்.

"அது நான் வச்ச பொட்டுல்லா" என்றார். "கண்ணாடியத் தொடக் கூடாதுன்னு நீதானம்மா அன்னைக்குச் சொன்ன? அதான் பீங்கான்ல வச்சேன்."

"தப்பு எனக்கும் உண்டு அண்ணாச்சி. பீங்கானைச் சொல்லாம விட்டுட்டேன்."

துடைத்து, ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, மூடி ஸ்விட்சைப் போட்டாள். ஒரே டிக். அறைச் சுவரெல்லாம் வெளிச்சம்.

அண்ணாச்சி தானே படியிறங்கிப் போய்ச் சாவியை நீட்டினார். சுடலைராஜ் உடனே வாங்கவில்லை.

"நான் தொடலன்னு சொன்னேன்லா அண்ணாச்சி?"

"சொன்னலே. நான்தான் கேக்கல." அவர் குரல் இறங்கியிருந்தது. "வாங்கிக்கோலே. படத்துக்கு ஆளு வந்துரும்."

சாவியை வாங்கிக்கொண்டு அவன் மேலே வந்தான். ஸ்வீட்லின் மீட்டரைப் பையில் வைத்தபடி, "பொட்டு வச்சதைப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பக்கத்துலதான நின்னேன். மாட்டி முடிச்சதும் அண்ணாச்சி வச்சாங்க, பெறவுதான் ஸ்விட்சு போட்டோம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா."

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. வந்ததிலிருந்து மெஷினிடம் எத்தனை கேள்வி! அதை மாட்டியவனைப் படியிலேயே தாண்டி வந்துவிட்டாள். "பாக்கேன்" என்ற ஒற்றைச் சொல்லோடு.